உப்புத்தண்ணி வரிசை

அந்தப் பெஞ்சுல உக்காராதீங்க சார், ஒரு பக்கம் சாயும். இங்க வாங்க, இடம் இருக்கு. உள்ள யாரு, அப்பாவா? குடலிறக்கமா? அப்ப பயப்படாதீங்க, ஒரு மணி நேரத்துல தள்ளிக்கிட்டு வந்துருவாங்க. நமக்குத்தான் நேரமாகும். என் வீட்டுக்காரிக்குச் சார், பூரணம்னு பேரு. வலது காலை எடுக்கறாங்க. முழங்காலுக்குக் கீழ. ஒன்பதரைக்கு உள்ள கொண்டுபோனாங்க.

சர்க்கரை. வேற என்ன.

நான் இந்த ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்கறேன். குருவையா. முன்பக்கம் இல்ல, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால ஆராய்ச்சிக் கட்டடம்னு ஒண்ணு இருக்குல்ல, அதுல எலி வளக்கற ரூமு. சிரிச்சுக்குங்க, எல்லாரும் சிரிக்கத்தான் செய்றாங்க. வெள்ளை எலி, செவப்புக் கண்ணு. தீனி போடணும், தண்ணி பாட்டில் மாத்தணும், கூண்டுக்கு அடியில மரத்தூள் மாத்தணும். ரூம்ல சூடு எத்தனைன்னு பாத்து எழுதணும். பேப்பர்காரங்க எலியைக் கொல்றாங்க கொல்றாங்கன்னு எழுதறாங்க, அதுக இருக்கற வரைக்கும் நான் பாக்கற மாதிரி யாரு பாப்பா சொல்லுங்க.

அதுக்கு முன்னால இருபத்திரெண்டு வருஷம் கல்யாண வீட்டுல பரிமாறுற வேலை. விருதுநகர் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. சமையல் வேற ஆளு சார், நான் பந்தி மட்டும். எரநூறு இலை போட்டா, முதல் இலைக்கு எவ்வளவு நெய் விழுந்துச்சோ அவ்வளவு நெய் கடைசி இலைக்கும் விழுகணும். அதுதான் என் கணக்கு. ஒரு கல்யாணத்துல பொண்ணோட சித்தப்பா என் காதுல வந்து சொல்றாரு, மாப்பிள்ளை வீட்டு வரிசைக்கு ரெண்டு வடை வையி, எதிர் வரிசைக்கு ஒண்ணு போதும்னு. வாளியைக் கீழ வெச்சுட்டேன். நீங்களே பரிமாறிக்குங்கய்யான்னுட்டேன். பந்தியில ஓரவஞ்சனை ஆகாது சார். ஒரே வரிசையில உக்கார வெச்சு ஒருத்தனுக்குப் போட்டு ஒருத்தனைப் பாக்க விடறது இருக்கே, அந்தப் பாவத்தை எங்க கொண்டுபோய்க் கழுவுறது.

இந்த வேலைக்கு ஏன் வந்தேன்னா பூரணத்துக்காகத்தான். இங்க வேலை பாத்தா குடும்பத்துக்கு வைத்தியம் இலவசம். அவளுக்குக் குதிகால்ல ஒரு புண்ணு வந்துச்சு. முள்ளு குத்தினதுன்னு சொன்னா. அது ஆறவே இல்ல. மருந்து வெச்சுக் கட்டுவாங்க, மேல ஒரு ஏடு கட்டின மாதிரி மூடும், பத்து நாள்ல திரும்பத் தொறந்துக்கும். ஒன்றரை வருஷம் இப்படியே. அவளுக்குத் தினம் ரெண்டு வேளை இன்சுலின் நான்தான் போடுவேன். வயித்துச் சதையைப் பிடிச்சு, ஊசியைச் சாச்சு, அலுங்காமப் போடுவேன். நர்சு போட்டாக்கூட வலிக்குதும்பா, நான் போட்டா வாயைத் தொறக்க மாட்டா.

இருங்க, கதவு தொறக்குது. ... இல்ல, துணி எடுத்துட்டுப் போறாங்க.

ஜெனிட்டான்னு ஒரு பொண்ணு சார். நாகர்கோவில் பக்கம். டாக்டர் இல்ல, டாக்டர் பட்டத்துக்குப் படிக்குது. அஞ்சு வருஷமா ஒரே வேலை, தோல் செய்யறது. ஆமா, தோலுதான். மீன் தோல்ல இருந்து ஒரு சவ்வு எடுத்து, அதுல உயிரணுவை விதைச்சு, ஒரு பெட்டிக்குள்ள வெச்சு வளக்கும். கண்ணாடித் தட்டுல பாத்தேன், பால் ஆடை மாதிரி இருக்கும். நான் ஒருநா பூரணம் புண்ணைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தேன். அந்தப் பொண்ணு அன்னிக்கே கட்டு மாத்தற வார்டுக்கு வந்து, பூரணம் காலைத் தன் மடியில தூக்கி வெச்சுப் பாத்துச்சு. நாத்தம் அடிக்கற புண்ணு சார். என் கூடப் பிறந்தவ மூக்கைப் பொத்திக்கிட்டு வாசல்ல நின்னா.

நான் கேட்டேன், ஏம்மா, அதான் தோலைச் செஞ்சுட்டியே, இவளுக்கு ஒட்டிவிட வேண்டியதுதானேன்னு.

"தோலைச் செஞ்சிடலாம் அண்ணாச்சி. ஒட்டினதுக்குப் பெறகு அதுக்கு ரத்தம் வரணும்ல? பக்கத்துல இருக்கற ரத்தக்குழாய் முளை விட்டு இதுக்குள்ள போகணும். சர்க்கரை உள்ளவங்களுக்கு அது முளைக்க மாட்டேங்குது. ஒரு வாரத்துக்குள்ள போகலைன்னா நடுவுல இருக்கற தோலு பசியிலயே செத்துப்போகும்."

பசின்னு சொன்னதும் எனக்கு முழுசாப் புரிஞ்சுபோச்சு சார். வேற என்ன சொல்லியிருந்தாலும் புரிஞ்சிருக்காது. பசின்னா நமக்குத் தெரியும்.

அந்தக் குழாயை முளைக்க வைக்க ஒரு மருந்து கண்டுபிடிச்சுச்சு. மருந்து புதுசு இல்லையாம், வேற எதுக்கோ மனுஷங்களுக்குப் போடறதுதானாம். இந்தத் தோலோட ஓரத்துல ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசியில போட்டா, குழாய் அதைத் தேடிக்கிட்டு உள்ள வருதாம். எலிக்குச் செஞ்சு பாத்தாங்க. அந்த நேரம் நான் லீவு. பூரணத்துக்குக் கால்ல ரெண்டு விரல் எடுத்தாங்க, அதுக்கு இருபது நாள் கூடவே கெடந்தேன். எனக்குப் பதிலா சேவியர்னு ஒருத்தன் எலியைப் பாத்துக்கிட்டான். சோம்பேறி. தீனி போட்டானா, கதவைப் பூட்டினானா, போயிருவான்.

நான் திரும்பி வந்தப்ப ஜெனிட்டா முகத்தைப் பாக்கணுமே. மிக்சர் பொட்டலமா வாங்கி எல்லாருக்கும் குடுத்துச்சு. நல்லா வந்திருக்கு அண்ணாச்சி, இதே மாதிரி இன்னொரு தடவ வந்துட்டா ஆஸ்பத்திரிக் கமிட்டி ஒத்துக்கும், பெறகு மனுஷங்களுக்குப் போடலாம்னுச்சு. கால் புண் டாக்டரு அஞ்சு பேரு எழுதி வெச்சிருந்தாரு. முதல் பேரு பூரணம். நானே கண்ணால பாத்தேன் சார், அந்தத் தாள்ல. பூரணம், கணவர் குருவையா, ஐம்பத்தொண்ணு.

அன்னிக்கு வீட்டுக்குப் போய் அவகிட்டச் சொன்னப்ப என்ன சொன்னா தெரியுமா? இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து வரேன்னு வேண்டிக்கிட்டா.

ரெண்டாவது தடவைக்கு இருபத்திநாலு எலி. எல்லாத்துக்கும் சர்க்கரை வர வெச்சு, முதுகுல தோலை ஒட்டினாங்க. மேல் தட்டுல பன்னெண்டு, நீல அட்டை. கீழ் தட்டுல பன்னெண்டு, மஞ்சள் அட்டை. நான் எலியைப் பிடிச்சுக்குவேன், ஜெனிட்டா ஊசி போடும். நான் பிடிச்சா எலி திமிறாது, அதனால என்னைத்தான் கூப்பிடும். மேல் தட்டு முழுக்கப் போட்டு முடிச்சுட்டு, கீழ் தட்டுக்கு வேற பாட்டில் எடுத்துச்சு.

"அது என்னம்மா?"

"சலைன் அண்ணாச்சி. வெறும் உப்புத்தண்ணி."

"மருந்து பத்தலையா?"

"மருந்து இருக்கு. இதுகளுக்குப் போடக்கூடாது. ஒப்பிட்டுப் பாக்கணும்ல."

சரிம்மான்னேன். பெரிய படிப்புப் படிச்சவங்க ஏதோ சொல்றாங்க. ஆனா போடறப்பல்லாம் மருந்து மிஞ்சும் சார். தொறந்த மருந்தைத் திரும்ப வெச்சுக்கக் கூடாதாம், அந்தக் கழிவு போடற மஞ்சப் பையில போட்டுருங்க அண்ணாச்சின்னு சொல்லிட்டுக் கையைக் கழுவப் போயிரும். பாதிப் பந்திக்கு வெறும் தண்ணியை ஊத்திட்டு, மிஞ்சின சோத்தைக் குழியில கொட்டுங்கற மாதிரி. நான் என்ன செய்வேன் சொல்லுங்க.

முதல் ரெண்டு தடவ கொட்டினேன். பொய் சொல்ல மாட்டேன், சொன்ன மாதிரியே கொட்டினேன்.

நாலாம் நாள் கட்டு மாத்தறப்ப பாக்கறேன், கீழ் தட்டு எலிக்கெல்லாம் தோலுக்கு நடுவுல கருக்க ஆரம்பிச்சிருக்கு. ஓரம் வெளுத்து, நடுவுல கருப்பு. பூரணம் குதிகால்ல நான் தினம் பாக்கற அதே கருப்பு. மேல் தட்டு எலிக்கு ஓரத்துல சின்னச் சின்னச் செவப்பு நூலா ஓடுது. ஒரே ரூமு, ஒரே தீனி, ஒரே நோயி. ஒரு தட்டுக்கு மட்டும் இல்ல.

அந்தப் பொண்ணு போனதும் மிச்ச மருந்தை எடுத்தேன். பையில இன்சுலின் ஊசி எப்பவும் இருக்கும், பிரிக்காதது. ஒவ்வொரு எலிக்கும் புது ஊசி, பன்னெண்டுக்கும் அளவு பாத்து ஒரே மாதிரி. கடைசி எலிக்குக் குறைஞ்சுரக் கூடாதுன்னு முதல்லயே பங்கு பிரிச்சு வெச்சுக்கிட்டேன். தோலோட ஓரத்துலதான் போட்டேன், அந்தப் பொண்ணு போடற அதே இடத்துல. ஒண்ணுகூடக் கத்தல சார்.

அப்படியே ஒருநாள் விட்டு ஒருநாள். எட்டாம் நாள் கருப்பு நின்னுச்சு. பத்தாம் நாள் செவப்பு நூலு வர ஆரம்பிச்சுது. பன்னெண்டாம் நாள் இருபத்திநாலும் ஒரே நிறம். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா, பந்தி முடிஞ்சு எல்லா இலையும் மடிச்சுக் கெடக்கறதைப் பாக்கற மாதிரி.

ஜெனிட்டா கட்டைப் பிரிச்சு, கீழ் தட்டையே பாத்துக்கிட்டு நிக்கும். "இதுவும் நல்லாயிருக்கே அண்ணாச்சி"ன்னு சொல்லும். நல்லாத்தாம்மா இருக்குன்னு நான் சந்தோஷமாச் சொல்லுவேன். அந்தப் பொண்ணுக்குச் சந்தோஷமே இல்ல. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

பதினஞ்சாம் நாள் எல்லாத்தையும் தூங்க வெச்சு, தோலை எடுத்து மைக்ராஸ்கோப்புல வெச்சுக் குழாயெல்லாம் எண்ணினாங்க. மேல் தட்டு, கீழ் தட்டு ரெண்டும் ஒண்ணு போல இருக்காம். மீட்டிங் போட்டாங்க. மருந்து ஒண்ணும் செய்யல, முதல் தடவ வந்தது ஏதோ குருட்டாம்போக்குல வந்ததுன்னு முடிவு கட்டிட்டாங்க. இருபத்திநாலுலயும் குழாய் முளைச்சிருக்கு, மருந்து வேலை செய்யலைங்கறாங்க. நீங்களே சொல்லுங்க, இது என்ன நியாயம்? கமிட்டின்னா அப்படித்தான். அவங்க ஒருத்தரும் எலி ரூமுக்கு வந்து பாத்தவங்க இல்ல. கால் புண் டாக்டரு அந்தப் பேர் எழுதின தாளை என் முன்னாலயே ரெண்டா மடிச்சு மேசைக்குள்ள போட்டாரு. அவரும் பாவம், என்ன செய்வாரு.

ஜெனிட்டா எல்லாரையும் கேட்டுச்சு. தீனி மாறுச்சா, தண்ணி மாறுச்சா, சூடு கூடுச்சா, கூண்டு இடம் மாறுச்சான்னு. என்னையும் கேட்டுச்சு. ஒரு குறையும் இல்லம்மா, எல்லாத்தையும் நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்னேன். மிச்ச மருந்து விஷயம் சொல்லல. கொட்டச் சொன்னதைக் கொட்டலைன்னு தெரிஞ்சா என்னை வேலைக்கு வெச்ச காண்ட்ராக்டர் நிப்பாட்டிருவான். அதுவும் போக, அந்தப் பொண்ணு கேட்டது எலிக்கு என்ன கெடுதல் நடந்துச்சுன்னு. நான் ஒரு கெடுதலும் செய்யலையே.

அதுக்கப்புறம் நாலு மாசம். புண்ணு எலும்புக்குப் போயிருச்சு. பாதம் கருத்துச்சு, கணுக்கால் கருத்துச்சு. நான் தினம் அந்தக் கருப்பு எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பாக்கத்தானே முடியும். முந்தாநாள் டாக்டரு சொல்லிட்டாரு, காலா உயிரான்னு. பூரணம் என்னைப் பாத்து, கையெழுத்துப் போட்டுக் குடுங்கன்னா. அழக்கூட இல்ல.

இன்னிக்குப் பத்து மணிக்கு ஜெனிட்டா வந்துச்சு சார். இப்ப நீங்க உக்காந்திருக்கற இடத்துலதான் உக்காந்துச்சு. அதுக்கு இங்க காலம் முடிஞ்சுபோச்சு, ஏதோ காலேஜுல பாடம் எடுக்கப் போகுதாம், சொல்லிட்டுப் போக வந்துச்சு. பூரணத்தை உள்ள கொண்டுபோய்ட்டாங்கன்னதும் அழுதுருச்சு. "உங்க வீட்டம்மாவுக்கு ஆசை காட்டி ஏமாத்திட்டேன் அண்ணாச்சி. வேலை செய்யாத மருந்தை வெச்சுக்கிட்டு ஆசை காட்டிட்டேன்"னுச்சு.

பெத்த பொண்ணு மாதிரி சார். எனக்குத் தாங்கல. யாரும்மா வேலை செய்யலைன்னது, நான் கண்ணால பாத்தேனேன்னு சொல்லிட்டேன். கீழ் தட்டு எலி பன்னெண்டும் நாலாம் நாளே கருக்க ஆரம்பிச்சுருச்சும்மா, நீ கொட்டச் சொன்ன மருந்தைத்தான் நான் போட்டேன், பெறகுதான் அதுக பொழைச்சுது, அந்த மருந்தைப் போய் வேலை செய்யலைங்கறியேன்னு சொன்னேன்.

ஆறுதலுக்குத்தான் சொன்னேன்.

அந்தப் பொண்ணு அழுகையை நிறுத்திருச்சு. பன்னெண்டுக்குமான்னு கேட்டுச்சு. பன்னெண்டுக்கும்னேன். எத்தனை தடவன்னுச்சு. நாலாம் நாள்ல இருந்து கடைசி வரைக்கும்னேன். எந்திரிச்சுச்சு, உக்காந்துச்சு, திரும்ப எந்திரிச்சு அந்தக் கதவுக்கிட்ட ஓடி சிஸ்டர்கிட்ட என்னமோ சொல்லுச்சு. உள்ள இருந்து டாக்டரு முகமூடியோட வந்தாரு. அந்தப் பொண்ணு கையைக் கையை ஆட்டிப் பேசுது, அவரு கேட்டுக்கிட்டே தலையை ஆட்டறாரு, இல்ல இல்லன்னு. திரும்ப உள்ள போயிட்டாரு.

பெறகு வந்து, மடியில வெச்சு ஒரு காகிதம் எழுதுச்சு. இந்தாங்க, இதுதான். இங்கிலீஷ்ல இருக்கு. நீயே படிச்சுச் சொல்லும்மான்னேன். "என்னால முடியாது அண்ணாச்சி. யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்க. கையெழுத்துப் போட்டா உங்க வேலை போகலாம், நான் பேசிப் பாக்கறேன், ஆனா உறுதியாச் சொல்ல முடியாது. போடலைன்னாலும் உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்"னுச்சு. டைரக்டரைப் பாக்கணும், ஒரு மணி நேரத்துல வரேன்னு போயிருக்கு. அவசரம் பாவம்.

நீங்க என்ன வேலை பாக்கறீங்க சார்? பேங்க்கா. அப்ப படிப்பீங்களே. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.

ம். ஆமா, என் பேருதான். ஆமா, எலி ரூம். ஆமா. மஞ்சள் அட்டை எலி பன்னெண்டுக்கும் நான் ஊசி போட்டேன். போட்டேன். அதுல என்ன இருக்கு. ம், மேல படிங்க.

ஏன் நிறுத்திட்டீங்க?

என்ன சொல்றீங்க, திரும்பச் சொல்லுங்க. மருந்து இல்லாம விட்டா என்ன ஆகும்னு பாக்கறதுக்காகவே விட்டிருந்த எலியா? வேணும்னேவா?

இருங்க. இருங்க சார். மேல் தட்டு பொழைச்சு, கீழ் தட்டு கருத்துப்போயிருந்தா, அப்பத்தான் மருந்து பொழைக்க வெச்சுதுன்னு கமிட்டிக்குத் தெரியும். முதல் தடவ அப்படித்தான் வந்துச்சா? சேவியர் பாத்துக்கிட்டப்ப? அவன் ஒண்ணும் செய்யாம இருந்ததால. ரெண்டு தட்டும் பொழைச்சா... மருந்து போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதான்னு ஆயிருது.

அப்ப தாளை மடிச்சது அதனாலயா.

பூரணம் பேரு இருந்துச்சு சார் அதுல. முதல் பேரு.

தண்ணி வேண்டாம். ஒண்ணும் இல்ல. அதான் அந்தப் பொண்ணு படிக்க மாட்டேன்னு போயிருக்கு. நான் அவசரம்னு நெனச்சேன். அஞ்சு வருஷம் அதுக்கும் போச்சு, ஒரு வார்த்தை கோபமாப் பேசல சார். அண்ணாச்சி அண்ணாச்சின்னுதான் சொல்லுச்சு. நாலு மாசமா நான் அந்தக் கமிட்டிக்காரங்களைத் திட்டாத திட்டில்ல.

பூரணத்துக்கு எப்படிச் சொல்லுவேன். நான் கையால ஊசி போட்டா வலிக்கலைம்பாளே.

கீழ இன்னும் ரெண்டு வரி இருக்கே, அது என்ன? இதை ஒத்துக்கிட்டா சோதனையைத் திரும்பச் செய்ய விடணும்னு கேட்டிருக்கா? எத்தனை மாசம் ஆகும், போட்டிருக்கா? இல்லையா. அவளுக்கு இடது கால் இருக்கு சார். பெருவிரல் நகத்துக்குப் பக்கத்துல போன வாரம் ஒரு புள்ளி பாத்தேன். டாக்டருக்கிட்டக் காட்டினேன், பாத்துட்டுச் சீட்டுல எழுதி வெச்சுக்கிட்டாரு. கையெழுத்துப் போட்டா வேலை போகும், வேலை போனா இந்த ஆஸ்பத்திரி வைத்தியம் போகும். போடலைன்னா அந்த மருந்து அந்த மேசைக்குள்ளயே கெடக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரு.

திரும்பச் செஞ்சா எத்தனை எலியாம்? அதே இருபத்திநாலா. பன்னெண்டுக்கு மருந்து, பன்னெண்டுக்கு அதே உப்புத்தண்ணியா.

அப்படின்னா நான் அந்த ரூம்ல இல்லாம இருக்கறதுதான் சரி. நீங்க சொல்லி இப்ப எல்லாம் புரிஞ்சுபோச்சு சார், எனக்குப் புரியலைன்னு நெனச்சுராதீங்க. ஆனா நாலாம் நாள் கீழ் தட்டு கருக்க ஆரம்பிச்சா என் கை சும்மா இருக்காது. எனக்கே தெரியும்.

எங்க போடணும், இந்தக் கோட்டு மேலயா? பேனா குடுங்க.